சுருளிப்பட்டி ஜீப்பும் வெயில் பொடியும்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் எனக்குப் பிறகு உட்கார்ந்த கவிதா போன வாரம் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு குஷி. “அக்கா, புது மெஷின் வந்திருச்சு! வைட்டமின் டி இங்கனயே பாத்துர்றோம். ரத்தத்த வச்சமா, டீ குடிச்சுட்டு வந்தமா, ரிசல்ட்டு ரெடி! இப்பல்லாம் முட்டி வலின்னு வர்றவுக, டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே ‘எனக்கு டி பாரும்மா’ன்னு அவுகளே கைய நீட்டுறாக. நீங்க இருக்கயில இதுக்கு என்னக்கா பண்ணுனீக?”

என்ன பண்ணினோமா? பஸ்ஸில் ஏற்றினோம் தாயே! கம்பத்தில் எடுத்த ரத்தம் தேனி, ஆண்டிபட்டி எல்லாம் தாண்டி மதுரைக்குப் போகும். அங்கிருந்து கூரியர்காரன் கைக்கு மாறி எங்கோ வடக்கே போகும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒற்றைத் தாளாகத் திரும்பி வரும். அதற்குள் நோயாளிக்கு எதற்கு ரத்தம் கொடுத்தோம் என்பதே மறந்து போயிருக்கும். “வீட்டுக்கு வா, விலாவாரியாச் சொல்றேன்” என்றேன். வருவதாகத்தான் சொன்னாள். அவளுக்கு எங்கே நேரம்? அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இதில் நான் செய்த கூத்து ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் சரியாக வராது.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் ஒரு வருஷம் லேப் படிப்பு, அதே மதுரையில் இருபது வருஷம் ஒரு லேபில் ரத்தம், சளி, சிறுநீர். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தக் கர்வமும் கூடவே இருந்தது. தொண்ணூற்றாறில் வீட்டுக்காரருக்குக் கம்பத்துக்கு மாற்றல் வந்தது. நானும் மூட்டையைக் கட்டினேன். வந்த மாதமே டாக்டர் தெய்வேந்திரனிடம் வேலை கிடைத்துவிட்டது. இரண்டாயிரத்துப் பத்தில் ஓய்வு பெறும் வரை வேறு இடம் போகவில்லை.

அவர் எலும்பு டாக்டர். எட்டுக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. லேப் மாடிப்படிக்குக் கீழே. சட்டென்று நிமிர்ந்தால் மண்டையில் இடிக்கும். பதினான்கு வருஷத்தில் எத்தனை தடவை இடித்துக்கொண்டேன் என்று கணக்கே இல்லை. ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுற்றும் ஒரு மெஷின், ஒரு குட்டி ஃபிரிட்ஜ், நான். அவ்வளவுதான் லேப்.

டாக்டர் கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் கோபம் வந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். மற்ற நாளெல்லாம் என்னை “சரசும்மா” என்பார். கோபம் வந்தால் “மேடம்” என்பார். “மேடம், இந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாருங்க” என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

முட்டி வலி என்று வருகிறவர்களை அவர் பார்க்கும் விதமே தனி. நாற்காலியில் உட்காரச் சொல்ல மாட்டார். தரையில் ஒரு பாய் கிடக்கும். வாசலில் இருந்து நடந்து வரச் சொல்வார். பாயில் உட்காரச் சொல்வார். பிறகு எழுந்திருக்கச் சொல்வார். கை எங்கே ஊன்றுகிறது, எந்தக் கால் முதலில் வருகிறது, முகம் எப்போது சுளிக்கிறது, எல்லாம் பார்ப்பார். எழ முடியாமல் திணறினாலும் உடனே கை கொடுக்க மாட்டார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

எக்ஸ்ரேயும் நிற்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். புதிதாக வந்த ஒரு பையன் ஒருமுறை படுக்க வைத்து எடுத்துவிட்டான். “நின்னா வலிக்குதுன்னு வந்தவங்களைப் படுக்க வச்சு எடுத்தா அது யார் முட்டிப்பா?” என்று கேட்டார். உடம்பு பாரம் ஏறினால்தான் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியுமாம். அதுதான் தேய்மானம்.

கடைசியில் அவரே பாயில் முழங்காலிட்டு உட்கார்ந்து கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். முதலில் மூட்டு இடுக்கு. பிறகு நாலு விரல் கீழே இறங்கி, முன்னங்கால் எலும்பு. மூட்டு இடுக்கில் வலித்தால் மூட்டுக்கான வைத்தியம். சும்மா இருக்கிற எலும்பை அழுத்தினாலே துள்ளினார்கள் என்றால் அவர் முகம் மாறிவிடும். அவர்களை மட்டும் என்னிடம் அனுப்புவார்.

ஏன் அனுப்பினார் என்று சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துக்கு நாலைந்து வருஷம் கழித்து அவர் மதுரையில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்தார். வந்ததும் வைட்டமின் டி என்று ஆரம்பித்தார். அந்தச் சத்து குறைந்தால் நாம் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராதாம். எலும்பு இளகிப் போகும், தொடைச் சதை வலுவிழக்கும். தேய்ந்த முட்டியைத் தாங்குவதே தொடைச் சதைதானே. அதுவும் போனால் முட்டி என்ன செய்யும்? “வெயில் பட்டா நம்ம தோலே அதைத் தயாரிச்சுக்கும் சரசும்மா” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். “சார், கம்பத்துல வெயிலுக்கா பஞ்சம்? வெளிய வத்தல் போட்டா ஒரே நாள்ல காயுது.”

“பார்ப்போம்” என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வது நல்லது. ஆனால் மூட மாட்டேன்.

ரத்தம் அனுப்புவது ஒரு சடங்கு. எடுத்த ரத்தத்தை உறைய விட வேண்டும். மெஷினில் போட்டுச் சுற்ற வேண்டும். மேலே தேங்குகிற மஞ்சள் தண்ணீரைச் சின்னக் குப்பிக்கு மாற்ற வேண்டும். அந்தக் குப்பியில் வெளிச்சமே படக்கூடாது என்று மதுரை லேபில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். வெயிலில் கிடைக்கிற சத்தை வெயில் கண்ணில் படாமல் மறைத்துக் கொண்டுபோக வேண்டுமாம், இது என்ன கொடுமை! எங்களிடம் அதற்கென்று ஏது பொருள்? பக்கத்துப் புரோட்டாக் கடையில் பார்சல் கட்டும் வெள்ளித்தாளில் ஒரு முழம் வாங்கிச் சுற்றுவேன். ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மதுரை பஸ் கண்டக்டர் கையில் ஒப்படைப்பேன். அவருக்கு எப்போதும் ஒரே சந்தேகம். “என்னக்கா, உள்ள சால்னாவா?” என்பார்.

ஒரு மாசிக் கடைசியில் முருகாயி வந்தாள். சுருளிப்பட்டிக்காரி. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இருபது வருஷமாகத் தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, கேரளா பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். வாசலில் இருந்து பாய் வரைக்கும் வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. தொடையில் கையை ஊன்றிப் பார்த்தாள், தரையில் ஊன்றிப் பார்த்தாள், கடைசியில் டாக்டர் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“முட்டி தேஞ்சு போச்சு, மாத்தணும்னு வேற இடத்துல சொன்னாக சார்” என்றாள். “மாத்துனா குத்த வச்சு உக்காரக் கூடாதாமே?”

“கூடாதும்மா.”

“அப்ப எனக்கு அது வேணாம். ஏலக்காய் செடி மேலயா காய்க்குது? தூருக்குள்ள, தரையோட தரையாக் கெடக்கும். நாள் முச்சூடும் குத்த வச்சுத்தான் சார் எடுக்கணும். அது முடியாதுன்னா ஜீப்புல என் சீட்டுப் போயிரும். இப்பவே ரெண்டு பேரு மேல இருந்து இழுத்து, ரெண்டு பேரு கீழ இருந்து தள்ளித்தான் என்னைய ஏத்துறாளுக. ஓட்டுறவன் முணுமுணுக்கிறான்.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு. “சீட்டுப் போச்சுன்னா நான் ஒத்தையா வீட்டுக்குள்ள உக்காந்து மோட்டுவளையப் பாக்கவா?”

எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தது. பொய்யில்லை. ஆனால் டாக்டர் முன்னங்கால் எலும்பில் விரலை வைத்ததும் “ஆத்தே!” என்று அலறினாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சும்மா இருக்கவில்லை. “சார், சுருளிப்பட்டிக்காரிக்கு வெயில் பத்தலைன்னு சொன்னா ஊரே சிரிக்கும்” என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். “காலைல எப்பம்மா கிளம்புவீங்க?”

“கோழி கூப்பிடயில ஜீப்புல ஏறிருவோம் சார். வெளிச்சமே இருக்காது.”

“தோட்டத்துல வெயில் இருக்குமா?”

“வெயிலா? ஏலத்துக்கு வெயிலு ஆகாதுல்ல. அண்ணாந்து பாத்தா மரந்தான். பாதி நாளு மஞ்சுமூட்டம் இறங்கி நிக்கும்.”

“என்ன உடுத்தியிருப்பீங்க?”

“சேலைக்கு மேல எங்க வீட்டுக்காரரு முழுக்கைச் சட்டை. தலையில துண்டு. மழை, அட்டைக்கடின்னு அதுக்கும் மேல ஒரு பிளாஸ்டிக்குத் தாளு.”

“திரும்பி வர?”

“பொழுது அடைஞ்சிரும்.”

“ஞாயித்துக்கிழமை?”

“அன்னைக்குத்தான் சார் ஒரு வாரத்து வேலை வீட்டுக்குள்ள கெடக்கும். தலைய வெளிய காட்ட நேரமேது?”

எனக்குச் சுருக்கென்றது. வத்தல் காய்கிற வெயிலுக்கு அடியில் இருந்துகொண்டு இருபது வருஷமாக வெயிலே படாத ஒரு பொம்பளை! ஒரே குத்தில் ரத்தம் எடுத்தேன். வெள்ளித்தாள் சுற்றி அனுப்பினேன். வந்த தாளைப் பார்த்ததும் டாக்டரிடம் ஓடினேன். அவளிடம் அந்தச் சத்து ஏறக்குறைய இல்லவே இல்லை.

டாக்டர் பொடிப் பாக்கெட் எட்டு எழுதிக் கொடுத்தார். வாரம் ஒன்று, பாலில் கலந்து, எட்டு வாரம். கூடவே சுண்ணாம்புச் சத்து மாத்திரை. ஆளைத் தூக்கி நிறுத்தும் வாக்குறுதி எதுவும் தரவில்லை. “தேஞ்சது தேஞ்சதுதாம்மா, அது திரும்ப முளைக்காது. தேய்மானத்துக்கும் இந்தச் சத்துக்கும் நேரடியாச் சம்பந்தம் உண்டா இல்லையான்னு பெரிய டாக்டர்களே இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. ஆனா உங்க வலியில பாதி முட்டி வலி இல்லை, எலும்பு வலி. அது குறையும். தொடையில வலு வரும். அப்புறம் இருக்கிற முட்டியை வச்சே ஓட்டலாம்” என்றார்.

இனிமேல்தான் என் கூத்து. மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்குவது நர்ஸ் வேலை. அன்றைக்கு நர்ஸ் லீவு. நான் விளக்கினேன். சும்மா விளக்கினேனா? எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். “முருகாயி, இது பேரு வெயில் பொடி. திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை ஒண்ணு, பால்ல கலந்து குடி. மறந்துறாத. உனக்கு மட்டுமில்ல, உன் ஜீப்புல வர்ற அம்புட்டுப் பேருக்கும் இந்தச் சத்து கொறஞ்சுதான் இருக்கும், வேணா எழுதி வச்சுக்க!” என்றேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டாள். “அம்புட்டுப் பேருக்குமாக்கா?” என்றாள். “பின்ன?” என்றேன், மகா மேதாவி மாதிரி.

எட்டு வாரம் ஆனது. வைகாசியில் முருகாயி வந்தாள். அதே வாத்து நடை. மேஜைக் காலைப் பிடித்தும் எழ முடியவில்லை. டாக்டர் கேட்டார், “பொடியை ஒழுங்காக் குடிச்சீங்களா?”

“ஒரு வாரம் தப்பல சார். திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை. பால்லதான்” என்றாள். காலிப் பாக்கெட் எட்டையும் முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தாள்.

ரத்தம் எடுத்து அனுப்பினோம். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. டாக்டர் அந்தத் தாளில் இருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார். “மேடம், சாம்பிள் எதுவும் மாறிப்போயிருக்குமா?”

எனக்கு வந்ததே கோபம்! இருபது, முப்பது வருஷத்தில் ஒரு குப்பி மாறியதில்லை. வெளியே வந்த வேகத்தில் மாடிப்படியில் மண்டையை நங்கென்று இடித்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க அவரிடம் பேசவில்லை. மறுநாள் முருகாயியைத் திரும்பக் கூப்பிட்டு அனுப்பி, புது ரத்தம் எடுத்து, குப்பியில் அவள் பெயரை மூன்று இடத்தில் எழுதி அனுப்பினேன். அதே பதில்தான் வந்தது. நான் ஜெயித்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் ஜெயித்தது சந்தோஷமாக இல்லை.

“குடிக்கிற மருந்து உடம்புல சேரலைன்னா குடல்ல ஏதோ கோளாறு இருக்கலாம்” என்றார் டாக்டர். “மதுரைக்குப் போய் உள்ளே கேமரா விட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் இந்தப் பொடியை நிறுத்த வேண்டாம்.” இன்னொரு எட்டுப் பாக்கெட் எழுதினார்.

முருகாயி என் லேபுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். “பாண்டி நாள் குறிச்சிட்டான் அக்கா” என்றாள். பாண்டி என்பவன்தான் ஜீப் ஓட்டுகிறவன். “ஓணத்துக்குத் தோட்டம் லீவு விடுவாக. லீவு முடிஞ்சு திறக்கிற அன்னைக்கு யாரும் தூக்காம நானா ஏறணுமாம். இல்லைனா கோகிலாவுக்கு என் சீட்டாம். அவ எங்க தெருப் பிள்ளைதான். புருசன் விட்டுட்டுப் போயிட்டான், அவளும் வேலைக்கு அலையுறா. அவளக் குத்தம் சொல்ல முடியுமா? பாண்டியவும் சொல்ல முடியாது. தோட்டத்துல பேர் கூப்பிடுறதுக்குள்ள போகலைன்னா ஜீப்போட அம்புட்டுப் பேருக்கும் அன்னைக்கு வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பிருவான் கங்காணி. நான் ஒருத்தி ஏறுறதுக்கு எத்தன பேரு காத்துக் கெடப்பாக?”

எனக்குத் தூக்கம் வரவில்லை. குடலில் கோளாறு இருக்கிறவள் இப்படிச் சாப்பிட மாட்டாள், ஆள் வாடியிருப்பாள். இவளோ என் டிபன் பாக்ஸைத் திறந்தால் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் போவாள். பிறகு பொடி எங்கே போகிறது? என் கண் முன்னால் அவள் குடிப்பதைப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன்.

சுருளிப்பட்டி ஜீப் மலை ஏறுவதற்கு முன்னால் கம்பத்தில் ஒரு டீக்கடையில் நிற்கும். திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து, வீட்டுக்காரர் “எங்கடி கிளம்பிட்ட இந்நேரம்?” என்று கேட்கக் கேட்க, அங்கே போய் நின்றேன். ஜீப் வந்தது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள், பன்னிரண்டு பேர். முருகாயியைக் கடைசியாக இறக்கினார்கள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். “ஏ, இவுகதாண்டி நான் சொன்ன லேப்பு அக்கா!” என்றாள். எல்லாரும் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஒருத்தி தூக்குவாளியை நீட்டினாள். டீக்கடைக்காரர் அது நிறையப் பால் ஊற்றினார். முருகாயி இடுப்பில் இருந்து பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒரு பொடி சிந்தாமல் தூக்குவாளியில் கொட்டினாள். கரண்டியால் கலக்கினாள். டம்ளர் டம்ளராக ஊற்றினாள். ஆளுக்குக் கால் டம்ளர். பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு தீர்த்தம் மாதிரிக் குடித்தார்கள்.

“அக்கா, எனக்கு?” என்றான் பாண்டி. அவனுக்கும் ஒரு வாய் ஊற்றினாள்.

“அடிப் பாவி மகளே! என்ன காரியம் பண்ணிக்கிட்டிருக்க?” என்று கத்தினேன்.

முருகாயி திருதிருவென்று முழித்தாள். “நீங்க சொன்ன மாதிரித்தானக்கா செய்யுறேன். திங்கக்கிழமை, ஒரு பாக்கெட்டு, பால்ல.”

“உனக்குத்தானடி குடுத்தது!”

“நீங்கதானக்கா சொன்னீக, ஜீப்புல வர்ற அம்புட்டுப் பேருக்கும் இது கொறச்சல்னு. தெரிஞ்ச பெறகு இவளுகள வச்சுக்கிட்டு நான் மட்டும் குடிச்சா சாமி கண்ணக் குத்திராது? என்னையத் தூக்கி ஏத்துறதே இவளுகதான.”

என்னத்தைச் சொல்ல? அவள் மேல் தப்பே இல்லை. ஜீப்பில் ஒருத்தி கொண்டுவந்த முறுக்கை ஒருத்தி மட்டும் தின்ற வழக்கமே கிடையாது. வெற்றிலையோ ஊறுகாயோ, எதுவானாலும் பன்னிரண்டு பங்கு. பொடியும் பன்னிரண்டு பங்கானது. பாண்டியையும் சேர்த்தால் பதின்மூன்று. குடலில் கோளாறும் இல்லை, குப்பியும் மாறவில்லை. கோளாறு என் வாயில்தான் இருந்தது. டாக்டர் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் அவளுக்கு இரண்டு மாதம் வீணாகியிருக்காது. அந்த டீக்கடையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் வாய்ப்பேச்சையும் சேர்த்துத்தான். “மேடம்” வரும் என்று காத்திருந்தேன். அவர் கையைக் கழுவப் போனார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. ஐயோ என்று எட்டிப் பார்த்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “பாண்டிக்கு எப்படி இருக்காம்?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் பழைய முகம் வந்துவிட்டது. “சரசும்மா, அந்தப் பன்னிரண்டு பேரையும் ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க” என்றார்.

“எல்லாருக்கும் பொடி குடுத்துரலாமா சார்?” என்றேன்.

“மறுபடியுமா?” என்றார். “அதிகமானாலும் கெடுதல் பண்ற சாமான் இது. ஆளைப் பாக்காமக் குடுக்க முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. பாய் போதவில்லை. ஒருத்தி ஒருத்தியாக உட்கார வைத்து, எழ வைத்து, எலும்பை அழுத்திப் பார்த்தார். துள்ளியவர்களுக்கு மட்டும் நான் ரத்தம் எடுத்தேன். கண்டக்டர் பிளாஸ்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, கல்யாண ஆர்டரா?” என்றார். என் வாய்ச் சவடால் முழுக்கப் பொய்யில்லை என்பது மட்டும் ஒரு ஆறுதல். பாதிப் பேருக்கு மேல் குறைவாகத்தான் இருந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள் பாக்கெட்டுகள் டாக்டர் மேஜை டிராயரில் கிடந்தன. அவற்றை எடுத்துச் சத்து குறைந்தவர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்தார்.

முருகாயியிடம் மட்டும் டாக்டர் பொடியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே இல்லை. “சரசும்மா முன்னாடிதான் குடிக்கணும்” என்று சொல்லிவிட்டார். வாராவாரம் ஞாயிறு காலை என் வீட்டில் பால் காய்ச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். பொடி முழுவதையும் கலந்து கையில் கொடுப்பேன். கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். முதல் வாரம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க ஒரு வாய் குடிங்கக்கா” என்றாள் பாருங்கள், எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பொடி தவிர வேறு வேலையும் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டை மரம் இல்லாத இடத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வெயிலில் உட்காருகிற பொம்பளைகளைப் பார்த்துவிட்டு கங்காணி, “எந்தா, நிங்ஙள்க்கு வட்டாணோ?” என்று கேட்டானாம். பைத்தியமா என்று கேட்கிறான்.

ஆனியில் ஒன்றும் தெரியவில்லை. ஆடி பிறந்ததும் எலும்பு வலி குறைந்திருக்கிறது என்றாள். ஆடிக் கடைசியில் பாயில் இருந்து ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்தாள். வாத்து நடை பாதி போய்விட்டது. முட்டி மட்டும் இறக்கத்தில் வலிக்கத்தான் செய்தது. மடக்கினால் களுக்கென்று சத்தம் போட்டது. “அந்தச் சத்தம் போகாதும்மா” என்றார் டாக்டர். “சத்தம் போட்டாப் போட்டுட்டுப் போகுது சார், நானும் போடுவேன்” என்றாள்.

ஓணம் லீவு முடிந்து தோட்டம் திறக்கிற திங்கட்கிழமை வந்தது. நான் மறுபடியும் விடிவதற்கு முன்பே டீக்கடைக்குப் போய்விட்டேன். ஊரில் எப்படி ஏறினாளோ தெரியாது, இங்கே ஏறுவதையாவது பார்க்க வேண்டும். ஜீப் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். முருகாயியும் இறங்கினாள். பின்னாலேயே, கையில் தூக்குச்சட்டியோடு, சின்ன வயசுப் பெண் ஒருத்தி இறங்கி ஓரமாக நின்றாள். அதுதான் கோகிலா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

“என்ன பாண்டி, ஆளைக் கூட்டிட்டே வந்துட்டியா?” என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். “ஊர்ல கூட்ட நெரிசல்ல இவளுக என்னமோ செஞ்சு ஏத்திட்டாளுகக்கா. நான் பாக்கல. இங்கன ஏறட்டும், என் கண்ணு முன்னாடி.”

டீ குடித்து முடித்தார்கள். பத்துப் பேர் ஏறிவிட்டார்கள். பழக்க தோஷத்தில் உள்ளே இருந்து நாலு கை வெளியே நீண்டது. “கைய உள்ள எடுங்கடி!” என்று ஒரு அதட்டல் போட்டாள் முருகாயி. கைகள் உள்ளே போயின. சேலையை இழுத்துச் செருகினாள். கம்பியைப் பிடித்தாள். வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். டீக்கடைக்காரர் கூட டீயை ஆற்றாமல் பார்த்தார். கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஆள் மேலே இருந்தாள்.

உள்ளே இருந்தவர்கள் போட்ட கூச்சலில் தெரு நாய் எல்லாம் குரைத்தது. நான் கையைத் தட்டினேனோ அழுதேனோ, இரண்டும் செய்தேன் என்று நினைக்கிறேன். மிச்சம் இருந்த ஒருத்தியும் ஏறினாள். முருகாயி கதவோரம் தன் இடத்தில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

பாண்டி வண்டியைச் சுற்றி வந்தான். கீழே நின்ற கோகிலாவைப் பார்த்தான். “நீ அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்குப் போயிரு தாயி. இடம் இல்லை” என்றான். அவள் தலையை ஆட்டினாள். தூக்குச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஜீப் கிளம்பியது. பத்தடி போயிருக்காது, முருகாயி தகரத்தில் ஓங்கித் தட்டினாள். “ஏலே பாண்டி, நிறுத்துடா!”

நின்றது.

“ஏ கோகிலா, அங்கன நின்னு என்னத்தப் பாத்துக்கிட்டிருக்க? ஓடியா.”

“இடம் இல்லையேத்தே” என்றாள் அவள்.

முருகாயி முந்தானையால் தன் மடியைத் துடைத்துவிட்டாள். இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். “வா, இங்கன உக்காரு” என்றாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, பாதி உடம்பு பாரத்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு, பட்டும் படாமலும் உட்கார்ந்தாள்.

முருகாயி அவள் இடுப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து உட்கார வைத்தாள்.

“நல்லாச் சாஞ்சு உக்காருடி. தாங்கும்.”